எண்பத்தேழு

இரண்டு கோடை, ஒரு ஐப்பசி மழை.
காரைக்குடியைச் சுற்றி இருநூற்றுப் பதினான்கு இடங்களில்
தண்ணீர் மொண்டேன்.
ஊரணி, அடிகுழாய், ஆழ்துளைக் கிணறு.
குப்பிக்கு ஒரு எண்.
ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில்
குலுங்கிக்கொண்டே வந்தது ஐஸ் பெட்டி.
எங்கள் பாஷையில் அவை தரவுப் புள்ளிகள்.

இந்தப் பக்கத்தில் புள்ளி என்றால் வேறு.
கல்யாணமாகிக் கோயில் கணக்கில் ஏறிய குடும்பம்
ஒரு புள்ளி.
சாத்தனேந்தல் ஊரணியை வெட்டியதே
புள்ளிக்கு இவ்வளவு என்று வரி பிரித்துத்தானாம்.
எல்லாருக்குமான தண்ணீர் என்று கல்லில் இருக்கிறது.
எந்தப் படியில் யார் இறங்கக்கூடாது என்பது
கல்லில் இல்லை.
அதைக் கல்லில் வெட்டத் தேவைப்படவில்லை.

கட்டுரை வெளிவந்த அன்று
துறைத்தலைவர் மைசூர்பாகு வாங்கினார்.
என் பெயர் மூன்றாவது: உ. சிந்தாமணி.

கேன் போட வந்த அடைக்கலம் கேட்டார்,
"மேடம், எங்க ஊர்லயும் எடுத்தீங்களே,
என்ன வந்துச்சு?"
அவர் மகளின் முன்பற்களில் பழுப்புக் கோடு.
விற்கிற கேனை வீட்டுக்கு எடுத்தால்
கணக்கு உதைக்கும் அவருக்கு.

காட்டுகிறேன் என்று செல்போனைத் திறந்தேன்.
முப்பத்தொன்பது டாலர் கட்டு என்றது.
என் பெயர் தெரிந்தது. அதற்குக் கீழே
பூட்டுப் படம்.
அவர் மனக்கணக்கில் கெட்டிக்காரர்.
"நூத்திப் பத்து கேன்," என்றார்.
சிரிக்கவில்லை.

கணினியில் தேடிச் சொன்னேன்:
சாத்தனேந்தல் பள்ளிக்கூடப் போர், எண்பத்தேழு,
ஃப்ளூரைடு பூஜ்யம் புள்ளி ஆறு.
தாராளமாகக் குடிக்கலாம்.
"அப்ப பாப்பா பல்லு?"
என்னிடம் அதற்கு எண் இல்லை.

அன்றிரவு தூங்கவில்லை என்று சொன்னால் பொய்.
தூங்கினேன்.
காலையில் எழுந்து முழு அட்டவணையையும்
யாரும் திறக்கும்படி போட்டேன்,
இடம், தேதி, நேரம், கருவியின் பிழை எல்லையோடு.
தமிழில் ஒரு பிரதி எடுத்து
ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினேன்.
கேட்டால் கேட்கட்டும்.
மாதாமாதம் எனக்கு வந்த உதவித்தொகை
தீப்பெட்டி வாங்கியவர் கட்டிய வரியும்தான்.

மூன்றாம் நாள் அடைக்கலம் கூப்பிட்டார்.
வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்:
"எண்பத்தேழு எடுத்தது ஐப்பசி இருபத்தொண்ணுன்னு
போட்டிருக்கீங்க.
அன்னைக்கு எங்க போர்ல மோட்டார் எரிஞ்சு கெடந்துச்சு.
ஒம்பது நாள்.
நீங்க எப்படித் தண்ணி எடுத்தீங்க?"

களக் குறிப்பேட்டைத் தேடினேன்.
மழையில் ஊறிய பக்கம், பரவிய மை,
என் கையெழுத்து.
எண்பத்தேழு, ஊரணி.
பள்ளிக்கூடப் போர், எழுபத்தெட்டு.
எழுபத்தெட்டில் இருந்தது
மூன்று புள்ளி நான்கு.

இரண்டு மதிப்பாய்வாளர்கள், ஒரு பதிப்பாசிரியர்,
பதினாலு மாதம்,
மேற்கோள் காட்டிய ஏழு கட்டுரைகள்.
ஒருவருக்கும் அந்த மோட்டாரைத் தெரியாது.

குடிக்கலாம் என்று சொன்ன வாய் இது.
முதலில் அவரிடம் சொன்னேன்.
அவர் திட்டியிருக்கலாம்.
"அப்ப ஊரணிதான் நல்ல தண்ணியா?
காய்ச்சிக் குடிச்சா போதுமா?" என்றார்.

ஆய்விதழுக்கு எழுதினேன்.
படிவம் அனுப்பினார்கள், பரிசீலனையில் இருக்கிறதாம்.
திறந்த அட்டவணையில் அன்று மாலையே மாற்றினேன்:
திருத்தம் ஒன்று. எழுபத்தெட்டும் எண்பத்தேழும்
இடம் மாறியிருந்தன. பிழை என்னுடையது.
கண்டுபிடித்தவர் த. அடைக்கலம், சாத்தனேந்தல்.
தொழில் என்ன போட என்று கேட்டேன்.
"தண்ணி," என்றார்.

நேற்றுப் புதுவயலிலிருந்து
ஒரு அம்மாள் பேசினார். பெயர் சொல்லவில்லை.
"நூத்தி அறுவதுன்னு ஒண்ணு போட்டிருக்க பாரு,
அது தப்பு. வந்து பாரு."
மைசூர்பாகு கிடைக்காது இதற்கு.
ஐஸ் கட்டி வாங்கிக்கொண்டு
வண்டியை எடுத்தேன்.